பாம்பு மிட்டாயும் மூன்று விசிலும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆஸ்திரேலியா போய்ட்டு வந்திருக்கீங்களே சார், அரை மணி நேரம் பேசுங்க" என்று நம் செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். கவுண்டருக்குள் உட்கார்ந்து டோக்கன் நம்பரைக் கூப்பிடத் தெரியும். மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் நம் பிளாக்குகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நிறைய. இன்று இல்லாவிட்டாலும் நாளை உங்களில் பலர் பெட்டி கட்டப்போகிறீர்கள். அங்கே எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

சிட்னி பாலத்தையும் ஆபரா ஹவுஸையும் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றை யூடியூபில் என்னைவிட நன்றாகக் காட்டுகிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு நடுத்தர ஊர், ஒரு மலைக்காடு, நான் சொல்லாமல் மறைத்த ஒரு பொய். இந்த மூன்றும்தான்.

என் மகள் குடும்பம் இருப்பது விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து மேற்கே சுமார் 115 கிலோமீட்டரில் உள்ள பல்லாரட் என்ற ஊரில். "ஏம்மா, எல்லாரும் மெல்பர்ன், சிட்னின்னு இருக்காங்க, நீங்க மட்டும் ஏன் அங்க?" என்று நானும் கேட்டேன். அவர்களுக்குக் கிடைத்த விசா அப்படி. பெருநகரத்துக்கு வெளியே உள்ள பகுதிகளில் சில வருடம் வசித்து வேலை பார்த்தால்தான் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் அங்குள்ள சின்ன ஊர்களுக்குப் போகிறார்கள். போன பிறகு பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

பல்லாரட் தங்கம் கிடைத்த ஊர். 1851-இல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1858-இல் ஒரு சுரங்கத்தில் கிடைத்த ஒரே தங்கக் கட்டியின் எடை சுமார் 69 கிலோ. நான் நகைக் கடன் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன். அரை கிராம் வித்தியாசம் வந்தாலும் மறுபடி எடை போடச் சொல்லும் ஆள். 69 கிலோ என்றதும் பழக்க தோஷத்தில் மனக்கணக்குப் போட்டேன். எட்டாயிரத்து அறுநூறு பவுனுக்கு மேல் வருகிறது! என் மனைவியிடம் சொன்னேன். "அத்தனை பவுனையும் யார் வீட்டு லாக்கர்ல வெச்சாங்க?" என்று கேட்டாள்.

நாங்கள் முதல்முறை போனது 2023 மார்ச் மாதம். விமானத்திலேயே ஒரு அட்டை கொடுத்தார்கள். கொண்டுவரும் உணவு, விதை, செடி, மரப்பொருள் எல்லாவற்றையும் அதில் தெரிவிக்க வேண்டும். டிக்ளேர் செய்வது என்பார்களே, அதுதான். என் மனைவி ஊறுகாய், பருப்புப் பொடி, வத்தல், ஒரு பொட்டலம் கறிவேப்பிலை எல்லாம் வைத்திருந்தாள். மாப்பிள்ளை முன்பே போனில் சொல்லியிருந்தார்: "மாமா, எல்லாத்துக்கும் 'ஆம்'னு டிக் பண்ணுங்க. சொன்ன பொருளை அவங்க எடுத்துக்கிட்டாலும் அபராதம் கிடையாது. சொல்லாம மறைச்சாதான் அபராதம்." அப்படியே செய்தேன். அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தார், கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டார், மற்றதைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லி அனுப்பினார். எனக்கு ஒரே பெருமை. எத்தனை ஆயிரம் பேரிடம் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கியவன் நான்! விதியை மதிக்கும் ஆள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த நிமிர்ந்த நெஞ்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கேதான் திரும்பி வரும்.

அங்கே வார இறுதி என்றால் குடும்பத்தோடு வெளியே போவதுதான். நம் ஊரில் மால், சினிமா, கோயில் என்று போவது போல, அவர்கள் ஏரிக்கரைக்கும் காட்டுக்கும் போகிறார்கள். காட்டை 'புஷ்' என்கிறார்கள். அதில் நடப்பது புஷ்வாக். பெரிய பயிற்சி வேண்டும் என்பதில்லை; கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நடப்பவர்களையும் என்னைவிட வயதானவர்களையும் பார்த்தேன். ஊருக்கு ஊர் பூங்காக்களில் மின்சார அடுப்பு வைத்திருக்கிறார்கள். இலவசம். பட்டனை அழுத்தினால் பெரிய இரும்புத் தட்டு சூடாகிறது. மற்றவர்கள் அதில் இறைச்சி வாட்டுவார்கள். என் மனைவி அதை நன்றாகத் துடைத்து, எண்ணெய் தடவி, தோசை வார்த்தாள். பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டு ஆளுக்கு ஒன்று வாங்கிச் சாப்பிட்டார்கள். எழுந்து போகும்போது தட்டைத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கேட்க ஆள் கிடையாது, ஆனாலும் துடைக்கிறார்கள். தேசியப் பூங்காக்களில் பல இடங்களில் குப்பைத்தொட்டியே இல்லை; உங்கள் குப்பையை நீங்களே வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். நம் மொட்டை மாடியில் பிறந்தநாள் கொண்டாடிவிட்டுப் போகிறவர்களை நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரலில் பேத்திக்குப் பள்ளி விடுமுறை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. எல்லோரும் கிராம்பியன்ஸ் மலைக்குப் போனோம். 1836-இல் அந்த வழியாகப் போன மேஜர் மிட்செல் என்ற நில அளவையாளர், ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு மலையின் பெயரை அதற்கு வைத்துவிட்டார். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான ஜாப் வுரங், ஜார்ட்வாஜலி மக்களுக்கு அது கரிவெர்ட். இப்போது இரண்டு பெயரையும் பலகையில் எழுதுகிறார்கள். அவர்களுடைய பழைய பாறை ஓவியங்கள் அந்த மலையில் பல இடங்களில் இருக்கின்றன. கம்பி வலைக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

போகும் வழியில் அராரட் என்று ஓர் ஊர். சீனர்கள் தங்கம் கண்டுபிடித்து உருவான ஊர் அது. 1855-இல் விக்டோரியா அரசு, கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் பத்து பவுண்டு வரி போட்டது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவில் ரோப் என்ற சின்னத் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காட்டு வழியே நடந்தே தங்க வயல்களுக்கு வந்தார்கள். அப்படி நடந்து வந்த ஒரு கூட்டம் 1857-இல் இளைப்பாற நின்ற இடத்தில் தங்கம் கிடைத்தது. அதுதான் அராரட். வரி ஏய்ப்பு வேறு, வரித் தவிர்ப்பு வேறு என்று பி.காம். வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. அத்தனை தூரம் நடந்தவர்கள் முன்னால் நாம் நடக்கப்போகும் நாலு கிலோமீட்டர் எம்மாத்திரம் என்றும் நினைத்தேன். அந்த நினைப்புதான் தப்பு.

பல்லாரட்டிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் ஹால்ஸ் கேப் வந்துவிட்டோம். மலைக்கு நடுவே ஒரு சிறிய ஊர். காரை விட்டு இறங்கியதும் ஒரு வாசனை. எங்கேயோ தெரிந்த வாசனையாக இருக்கிறதே என்று யோசித்தேன். நீலகிரித் தைலம்! ஜலதோஷம் வந்தால் அம்மா மார்பில் தேய்த்துவிடுவாளே, அதே வாசனை. ஊட்டியில் நாம் பார்க்கும் யூகலிப்டஸ் மரத்தின் பிறந்த வீடு ஆஸ்திரேலியா. வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டார்கள். அறுபது வருடமாகப் பழகிய வாசனையின் சொந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று என் மனைவியிடம் சொன்னேன். சாயங்காலம் கங்காருக்கள் கூட்டம் கூட்டமாக வந்து மைதானத்தில் புல் மேய்ந்தன. நம் தெருவில் மாடு நிற்பது போல அங்கே கங்காரு.

அன்று இரவு கேரவன் பார்க்கில் ஒரு கேபினில் தங்கினோம். மறுநாள் 'பின்னக்கிள்' என்ற பாறை முனைக்கு ஏறுவதாகத் திட்டம். மாப்பிள்ளை வரைபடத்தை விரித்தார். "மாமா, ரெண்டு வழி இருக்கு. சன்டயல்லேர்ந்து போனா சாய்வு கம்மி. வொண்டர்லேண்ட்லேர்ந்து போனா பாறை, படிக்கட்டு, ஏத்தம் ஜாஸ்தி. நாம சன்டயல்லேர்ந்தே போயிடலாம்." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் "உங்களுக்கு வயசாயிடுச்சு" என்று என் காதில் விழுந்தது. "எது பார்க்க நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். "வொண்டர்லேண்ட்தான்." "அப்ப அதுலயே போவோம். தினமும் நம்ம காம்பவுண்டை எட்டு ரவுண்டு நடக்கிறவன் நான்" என்றேன்.

கிளம்பும் முன் மாப்பிள்ளை பல்லாரட்டில் உள்ள நண்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவோம், அதற்குள் தகவல் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று. "எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு? இமயமலைக்கா போறோம்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மேல சிக்னல் சில இடத்துல இருக்காது மாமா. இங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லிட்டுப் போவாங்க" என்றார்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். எனக்கு பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மகளுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாதது வேறு. ஆஸ்திரேலியா கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் இரண்டு தடவை எனக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிப்போனது. ஒரு தடவை மருந்துக் கடை வாசலில், ஒரு தடவை நம் லிஃப்டுக்குள். டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றி, "சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீங்க, பாக்கெட்ல எப்பவும் இனிப்பு வெச்சுக்கோங்க" என்று சொல்லியிருந்தார். இதை நான் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயணமே வேண்டாம் என்பாள். பயணக் காப்பீட்டுப் படிவத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டேன். பிரீமியம் கொஞ்சம் மிச்சம். கறிவேப்பிலையை டிக்ளேர் செய்த அதே மனிதன்தான், ஐயா, அம்மா.

அன்று காலை வழக்கம்போல மாத்திரை போட்டேன். இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டேன். எலுமிச்சைச் சாதம் கட்டியிருந்தாள். உச்சிக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏற ஆரம்பித்தோம். பாதை 'கிராண்ட் கேனியன்' என்று சொல்லும் பாறை இடுக்கு வழியாகப் போகிறது. இரண்டு பக்கமும் சுவர் போலப் பாறை, ஆங்காங்கே இரும்பு ஏணிப்படி. பேத்தி ஆட்டுக்குட்டி மாதிரி தாவிக்கொண்டு போனாள். அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கை லேசாக நடுங்கியது. பிடரியில் குளிர்ந்த வியர்வை. அந்தக் குளிரில் வியர்க்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாய் சொன்னது வேறு: "மூச்சு வாங்குது, அவ்வளவுதான். நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வரேன்."

மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். "நான் தாத்தாகூட வரேன்" என்று பேத்தி நின்றுவிட்டாள். மற்றவர்கள் வளைவில் மறைந்தார்கள். பத்து நிமிடம் நடந்திருப்போம். பாதைக் குறி எதுவும் கண்ணில் படவில்லை. நான் முன்னால் நடந்தவன், ஏதோ ஒரு பாறை இடைவெளியில் தவறாகத் திரும்பியிருக்கிறேன். எதிரே புதர், அதற்கப்பால் சரிவு. கண் முன்னால் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. "இப்படியே கீழே இறங்கினா பாதை வந்துடும்" என்றேன். நாக்கு குழறியது.

அந்தக் குழந்தை என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியது. "வேண்டாம் தாத்தா. வழி தெரியலைன்னா நடக்கவே கூடாது. நின்ன இடத்துலயே இருக்கணும். ஸ்கூல் கேம்ப்ல சொல்லியிருக்காங்க. உக்காருங்க." உட்கார்ந்தேன். "உங்க கை ஏன் ஷேக் ஆகுது?" என்று கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "தாத்தாவுக்கு சுகர் குறைஞ்சுடுச்சு கண்ணா. இனிப்பு ஏதாவது வேணும்" என்றேன். என் பாக்கெட்டில் இருக்க வேண்டிய மிட்டாய் கேபினில், வேறு சட்டையில் இருந்தது.

பேத்தி தன் பையைத் துழாவிக்கொண்டே, "தாத்தா, என்கிட்ட பாம்பு இருக்கு" என்றாள்.

எனக்கு இருந்த மயக்கத்தில் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்திரேலியக் காடு என்றாலே பாம்புதானே நம் ஞாபகத்துக்கு வரும்! அவள் எடுத்து நீட்டியது பாம்பு வடிவத்தில் செய்த ஜெல்லி மிட்டாய். அங்கே குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்தது. நடக்கப் போகிறவர்கள் பையில் போட்டுக்கொள்வார்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று நாலு பாம்பு சாப்பிட்டேன். அதில் ஜெலட்டின் இருக்கிறது என்பது பிறகுதான் தெரியும். பிறந்ததிலிருந்து சைவமாக இருந்தவன். தெரிந்திருந்தாலும் அந்த நிமிடம் சாப்பிட்டிருப்பேன்.

பிறகு அவள் பைப்பட்டையில் கட்டியிருந்த விசிலை எடுத்து மூன்று முறை ஊதினாள். கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. மூன்று முறை எழுப்பும் ஒலி ஆபத்துக்கான அடையாளமாம். எனக்கு அதுவும் தெரியாது. பாறையில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. நாலைந்து தடவை ஊதியிருப்பாள். "அப்பா!" என்று மகளின் குரல் மேலேயிருந்து கேட்டது. நாங்கள் பாதையிலிருந்து ஐம்பது அடிதான் விலகியிருந்தோம். அவ்வளவுதான் தூரம். ஆனால் நான் சொன்னபடி இறங்கியிருந்தால்? அந்தச் சரிவை இப்போது நினைத்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. நான் விழுவது இருக்கட்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நின்றது.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. எலுமிச்சைச் சாதத்தை அங்கேயே பிரித்துச் சாப்பிட வைத்தார்கள். உச்சிக்குப் போகாமல் எல்லோரும் மெதுவாக இறங்கிவிட்டோம். வழியில் யாரும் பேசவில்லை.

சாயங்காலம் கேபின் வாசலில் உட்கார்ந்திருந்தபோது மகள் கேட்டாள். "இது முதல் தடவையாப்பா?" என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் லிஃப்டில் நடந்தது மட்டும்தான் தெரியும்; மருந்துக் கடை வாசல் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். காப்பீட்டுப் படிவத்தில் போட்ட 'இல்லை' உட்பட. மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் வந்தாலே வெளிநாட்டுப் பார்வையாளருக்குக் கட்டணம் உண்டு. மருத்துவமனையில் சேர்த்திருந்தால், உண்மையை மறைத்த பாலிசியில் ஒரு ரூபாய் பெயராது. நான் மிச்சம் பிடித்தது சில ஆயிரம். அவர்கள் தலையில் ஏற்றப் பார்த்தது எத்தனை லட்சமோ!

மகள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள். "நீங்க மட்டும் இல்லப்பா" என்றாள். முந்தைய வருடம் அவளுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வராமல், "நெட் சரியில்லப்பா" என்று குரலில் மட்டும் பேசினாளே, அது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. "நீங்க பதறுவீங்கன்னு சொல்லல." என் மனைவி எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பெற்ற பெண் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும்போது, நாங்கள் இங்கே அவளிடம் மிக்ஸி ரிப்பேர் ஆன கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். அவர்கள் பதறக் கூடாது என்று நாம் மறைக்கிறோம். நாம் பதறக் கூடாது என்று அவர்கள் மறைக்கிறார்கள். இரண்டு பக்கமும் "நல்லா இருக்கோம்" என்று சொல்லி போனை வைக்கிறோம். வங்கியில் இரண்டு லெட்ஜரிலும் தப்பான தொகையை எழுதினாலும் சாயங்காலம் கணக்கு டேலி ஆகிவிடும். டேலி ஆகிவிட்டது என்பதால் கணக்குச் சரி என்று அர்த்தமில்லை. இது உங்களுக்கும் தெரியும்.

அன்றைக்கு ஒரு தீர்மானம் போட்டோம். விமான நிலைய அட்டை மாதிரிதான். சொன்னால் அபராதம் கிடையாது. யாரும் கத்தக் கூடாது, "ஏன் முன்னாடியே சொல்லல" என்று குத்திக்காட்டக் கூடாது. மறைத்தால்தான் அபராதம். இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் ஐந்து நிமிடம் அதுதான். பேத்தி வந்து, "தாத்தா, டிக்ளேர் பண்ணுங்க" என்பாள். சுகர் எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் முறை.

மூன்று வாரம் கழித்து, அங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு, மறுபடி அதே மலைக்குப் போனோம். இந்த முறை சன்டயல் வழி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு. பாறை முனையில் நின்று பார்த்தால், கீழே ஹால்ஸ் கேப் ஊர் தீப்பெட்டி மாதிரி, ஒரு பக்கம் பெல்ஃபீல்டு ஏரி. கம்பிக்கு உள்ளேயே நின்றுதான் படம் எடுத்தோம். அதே மலையில் வேறொரு பார்வை முனையில் 2020-இல் வேலியைத் தாண்டிப் போய் ஒரு பெண் விழுந்து உயிரிழந்திருக்கிறார். மெக்கன்சி அருவியையும் பார்த்தோம். 260 படி இறங்க வேண்டும். அதைவிட முக்கியம், 260 படி ஏறவும் வேண்டும். குற்றாலம் மாதிரி தலையைக் காட்டலாம் என்று என் மனைவி ஆசைப்பட்டாள். அங்கே தண்ணீரில் இறங்கத் தடை, பார்த்துவிட்டு வரலாம்.

அந்தக் காட்டில் ஒரு பெரிய பகுதி, 2024 டிசம்பரில் மின்னலால் பிடித்த தீயில் வாரக்கணக்கில் எரிந்தது. ஹால்ஸ் கேப் மக்களையே ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபோது சொந்தக்காரர் வீட்டில் ஏதோ நடந்தது போல இருந்தது. யூகலிப்டஸ் எரிந்தாலும் மறுபடி துளிர்க்கும் மரம் என்பதுதான் ஆறுதல்.

உங்களில் போகப்போகிறவர்களுக்காகச் சில விஷயங்கள்.

பயணக் காப்பீட்டில் எல்லா நோயையும் எழுதுங்கள். பிரீமியம் கூடினால் கூடட்டும். மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில், மருந்தின் மூலப்பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நடைபாதைகளுக்கு அங்கே ஒன்று முதல் ஐந்து வரை தரம் போட்டிருக்கிறார்கள். ஒன்று என்றால் சக்கர நாற்காலிகூடப் போகலாம். ஐந்து என்றால் அனுபவசாலிகளுக்கு மட்டும். பலகையைப் படியுங்கள். நம் வயதுக்கு ஒன்றிலும் இரண்டிலும் பார்க்க வேண்டியது ஏராளம். பிள்ளைகள் சுலபமான வழியைச் சொன்னால், அது அவமானம் அல்ல, அக்கறை.

அவசர எண் 000. கைபேசியில் 112-உம் வேலை செய்யும். 'எமர்ஜென்சி பிளஸ்' என்ற செயலி நாம் நிற்கும் இடத்தைக் காட்டும். அதைப் படித்துச் சொன்னால் தேடி வருவது எளிது. சிக்னல் இல்லாத இடத்துக்குச் செயற்கைக்கோள் மூலம் தகவல் அனுப்பும் சிறு கருவி உண்டு. சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ் பகுதியில் நடக்கப் போகிறவர்களுக்கு அதை இலவசமாகவே இரவல் தருகிறார்கள்.

கோடையில், அதாவது நமக்கு மார்கழி, தை மாதங்களில், அன்றைய தீ அபாய அளவைப் பார்க்காமல் காட்டுக்குக் கிளம்பாதீர்கள். நான்கு நிலைகள் உண்டு. கடைசி நிலை அறிவித்தால் காட்டுப்பக்கமே போகக் கூடாது. 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி விக்டோரியாவில் ஒரே நாள் தீயில் 173 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் அதை மறப்பதில்லை.

நிஜப் பாம்பு கடித்தால் கடிவாயைக் கழுவக் கூடாது, அசையவும் கூடாது. கடிபட்ட கை காலை முழுவதும் அழுத்திக் கட்டுப்போட்டு, ஆடாமல் வைத்து உதவி கேட்க வேண்டும். ஒரு நீளமான கட்டுத்துணி பையில் இருக்கட்டும். இருட்டும் நேரத்தில் கிராமச் சாலையில் கார் ஓட்டுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கங்காரு குறுக்கே பாயும்.

கடைசியாக, நம் குடியிருப்பு விஷயம். நம்மில் பத்துப் பதினைந்து பேர் விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கப் போகிறோம். பாதிப் பேர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். தனியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். நான் இப்போது கேட்டில் செக்யூரிட்டியிடம், எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். முதலில் அவர் சிரித்தார், நான் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தது போல. இப்போது நான் ஐந்து நிமிடம் தாமதித்தால் தெருமுனை வரை எட்டிப் பார்க்கிறார். நீங்களும் சொல்லிவிட்டுப் போங்கள். காசு செலவில்லை.

என் சாவிக் கொத்தில் ஒரு சின்ன விசில் தொங்குகிறது. பேத்தி கொடுத்தது. இதுவரை ஊத வேண்டிய அவசியம் வரவில்லை. ஆனால் ஒரு நாள் காலை நம் மைதானத்துப் பக்கம் மூன்று முறை விசில் சத்தம் கேட்டால், யாரோ பையன்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தயவுசெய்து கையில் ஏதாவது இனிப்போடு வந்து சேருங்கள். ஜெலட்டின் இல்லாததாக இருந்தால் நல்லது.

இன்று இரவு உங்கள் பிள்ளை போன் செய்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு உண்மையான பதிலைச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஓர் உண்மை வரக்கூடும்.